திருப்புளியும் ஆய்வுக்கருவியே

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலம் நெருங்கும்போது தில்லியின் பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு காட்சி ஆண்டுதோறும் நிகழ்கிறது. மே மாத வெயில் 45 பாகை செல்சியஸைத் தொட்டிருக்கும். கூரை விசிறி அனல்காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். களப்பணியில் பதிவுசெய்த உரையாடலைக் கேட்டு எழுத்தாக்கிக்கொண்டிருக்கும் ஆய்வாளரின் மடிக்கணினி முன்னறிவிப்பின்றி அணைந்துபோகும். மீண்டும் இயக்கினால் பத்து நிமிடம் ஓடும். பிறகு மறுபடி அணையும். "பழசாயிடுச்சுடா, புதுசா ஒண்ணு வாங்கிடு" என்பார் அறைத்தோழர். நெறியாளரும் சற்று நாகரிகமான சொற்களில் அதையே சொல்வார்.

இந்த அறிவுரையில் ஒரு கணக்கு விடுபட்டுப்போகிறது. நெட் உதவித்தொகை இன்றி மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர்பட்ட ஆய்வு மேற்கொள்வோருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோதும் இந்த 8,000 அப்படியே நின்றது. ஓராண்டு முழுவதும் உண்ணாமல் சேர்த்தாலும் 96,000 ரூபாய்தான். கடுமையான கணக்கீடுகளுக்கென உருவாக்கப்படும் வொர்க்ஸ்டேஷன் வகை மடிக்கணினியொன்றைப் புதிதாக வாங்க அது போதாது. ஆகவே "எதை வாங்குவது?" என்ற கேள்விக்கு முன்னால் "எது பழுதடைந்தது?" என்ற கேள்வி கேட்கப்பட வேண்டும். ஆய்வு முறையியல் வகுப்பில் ஓராண்டு அமர்ந்த ஒருவருக்கு இந்த வரிசை புதிதன்று. ஆயினும் தன் மேசைமீதுள்ள கருவிக்கு அதைப் பொருத்திப் பார்க்க நமது பல்கலைக்கழகங்கள் யாருக்கும் கற்றுத்தருவதில்லை.

ஒரு குறிப்பிட்ட கணினியை எடுத்துக்கொண்டு பேசுவது தெளிவு தரும். லெனோவோ நிறுவனம் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட திங்க்பேட் டபிள்யூ530 அத்தகைய ஒன்று. இன்டெல்லின் மூன்றாம் தலைமுறைச் செயலி, என்விடியா குவாட்ரோ வரைகலைச் சில்லு, 15.6 அங்குலத் திரை ஆகியவை கொண்ட கனமான கணினி. பொறியியல், வடிவமைப்பு நிறுவனங்களில் சில ஆண்டுகள் உழைத்தபின் இத்தகைய கணினிகள் மொத்தமாகக் கழிக்கப்பட்டு, தில்லியின் நேரு பிளேஸ், பெங்களூரின் எஸ்.பி. ரோடு, மும்பையின் லேமிங்டன் ரோடு, சென்னையின் ரிச்சி தெரு முதலிய சந்தைகளுக்கு வந்துசேர்கின்றன. அங்கிருந்து மாணவர்களின் கைக்கு வருகின்றன.

இக்கணினி பழையதாயினும் திறக்கப்படுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. நான்கு மையச் செயலி உள்ள வகையில் ரேம் பொருத்த நான்கு இடங்கள் உண்டு, 32 ஜி.பி. வரை ஏற்கும். பேட்டரி தாழ்ப்பாளைத் தள்ளினால் கழன்றுவரும். வன்தட்டைக் கழற்றச் சில நிமிடங்கள் போதும். செயலிகூடத் தாய்ப்பலகையில் பற்றவைக்கப்படாமல் சாக்கெட்டில் அமர்ந்திருக்கிறது. எந்தத் திருகாணி எங்கே, அதன் நீளம் என்ன, எதை எதற்கு முன் கழற்ற வேண்டும் என்பதையெல்லாம் படத்துடன் விளக்கும் பராமரிப்புக் கையேட்டை நிறுவனமே பொதுவெளியில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்று விற்கப்படும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 8 ஜி.பி.யுடன் வாங்கப்படும் அத்தகைய புதிய கணினி, தன் ஆயுள் முழுவதும் 8 ஜி.பி.யுடனேயே இருக்கும்.

பழுதைக் கண்டறியும் முறைக்கு வருவோம். மொழியியல் மாணவருக்கு இது முதற்பருவத்துப் பாடம். 'கல்', 'பல்' என்ற இரு சொற்களில் ஓர் ஒலி மட்டுமே வேறுபடுகிறது. ஆகவே பொருள் வேறுபாட்டுக்கு அந்த ஒலியே காரணம் என்று துணியலாம். ஒரே நேரத்தில் மூன்று ஒலிகள் மாறியிருந்தால் எதையும் துணிய முடியாது. கணினியிலும் அப்படியே. ரேமையும் வன்தட்டையும் மாற்றி, இயங்குதளத்தையும் புதிதாக நிறுவிவிட்டு "சரியாகிவிட்டது" என்பவருக்கு எது பழுதாக இருந்தது என்று தெரியாது. மீண்டும் பழுது வரும்போது மறுபடி மூன்றையும் மாற்றுவார். ஒரு முறைக்கு ஒரு மாற்றம். ஒவ்வொரு மாற்றத்திற்கும் பின் ஒரு சோதனை. ஒவ்வொரு சோதனைக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி. இவ்வளவுதான் முறை.

"கணினி மந்தமாகிவிட்டது" என்ற பொதுவான முறையீட்டை எடுத்துக்கொள்வோம். இந்த ஒரே அறிகுறிக்குப் பின்னால் குறைந்தது நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, வன்தட்டு. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி நொடி ஆகும். தேடும் தரவு ஊசியின் கீழ் வந்துசேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ஊசி நகரும் நேரம் வேறு. சிதறிக்கிடக்கும் ஆயிரம் சிறு கோப்புகளைத் திறக்கும்போது இக்காத்திருப்பு நொடிகளாகத் திரள்கிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. தட்டு பழுதடையத் தொடங்கிவிட்டதா என்பதை அதன் 'ஸ்மார்ட்' பதிவேடு காட்டும். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை வாரத்திற்கு வாரம் கூடினால் வேறு சான்று தேவையில்லை. அன்றே தரவுகளை நகலெடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, வெப்பம். தில்லியின் புழுதி விசிறியின் வாயிலில் கம்பளிபோலப் படிகிறது. செயலிக்கும் வெப்பத்தை வாங்கும் உலோகத்திற்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட் ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்து பொடிகிறது. வெப்பம் எல்லையை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைக்கும். அப்போதும் வெப்பம் தணியாவிட்டால் கணினி அணையும். தொடக்கத்தில் கண்ட விடுதிக் காட்சிக்குப் பெரும்பாலும் இதுவே விளக்கம். வெப்பநிலையையும் செயலியின் வேகத்தையும் ஒருங்கே காட்டும் இலவச மென்பொருளைத் திறந்துவைத்துப் பத்து நிமிடம் வேலை செய்தால் போதும். வெப்பம் ஏற ஏற வேகம் விழுகிறதென்றால் காரணம் கிடைத்துவிட்டது. தூய்மை செய்து புதிய பேஸ்ட் இடுவதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்.

மூன்றாவது, சார்ஜர். பலரும் கவனிக்கத் தவறுவது இதுவே. டபிள்யூ530க்கென உருவாக்கப்பட்ட சார்ஜர் 170 வாட். அதே காலத்துச் சிறிய திங்க்பேட்களின் 90 வாட் சார்ஜர் முனையும் இதில் பொருந்திவிடும். பழைய சார்ஜர் தொலைந்தபின் சந்தையில் முனையைப் பார்த்து வாங்கியவர்கள், வாட் அளவைப் பார்ப்பதில்லை. போதிய மின்சாரம் கிடைக்காத கணினி தன் வேகத்தைத் தாழ்த்திக்கொள்கிறது. வேலைசெய்யும்போது பேட்டரியும் ஏறுவதில்லை. வெப்பம் இயல்பாக இருந்தும் வேகம் விழுந்தால் சார்ஜரின் அடியில் அச்சிட்ட எண்ணைப் படிக்க வேண்டும்.

நான்காவது, நினைவகம். ஒலியியல் பகுப்பாய்வுக்கு உலகெங்கும் பயன்படும் மென்பொருள் பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பவுல் போயர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கியது. ஒலிக்கோப்பை வழக்கமான முறையில் திறந்தால் அது முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு மாதிரிக்கும் 8 பைட் எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம், இரு தடங்களில் பதிவான ஒரு மணிநேர உரையாடல், வட்டில் 635 எம்.பி. அளவே இருந்தாலும் நினைவகத்தில் 2.5 ஜி.பி.யைப் பிடிக்கிறது. இயங்குதளமும் உலாவியும் ஏற்கெனவே நிறைத்திருக்கும் 4 ஜி.பி. கணினியில் இதற்கு இடமில்லை. ஆகவே கணினி, நினைவகத்தில் உள்ளதை வன்தட்டுக்கு மாற்றி மாற்றி எழுதுகிறது. பார்ப்பவருக்குத் தட்டுதான் பழுதென்று தோன்றும். உண்மையில் பற்றாக்குறை ரேமில். பிராட் மென்பொருளிலேயே நீண்ட கோப்புகளுக்கெனத் தனி வழி ஒன்று உண்டு. அதில் திறந்தால் கோப்பு முழுவதும் நினைவகத்தில் ஏறாது. வழியை மாற்றியதும் மந்தம் நீங்கினால் காரணம் உறுதியாகிறது. இங்கே ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இந்நான்கையும் பிரித்தறியாமல் கடைக்குச் செல்பவர், கடைக்காரர் சொல்வதை வாங்கி வருகிறார். பிரித்தறிந்தபின் செல்பவர் தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குகிறார். நேரு பிளேஸின் பழுதுநீக்குநர்கள் திறமையற்றவர்கள் என்பதன்று பொருள். பல்கலைக்கழகத்தின் எந்த ஆய்வகத்தையும்விடக் கூடுதலான தாய்ப்பலகைகளைத் தொட்டுப் பழகிய கைகள் அங்கே உள்ளன. அவர்களிடம் தெளிவான கேள்வியுடன் செல்வதே அவர்களுடைய அறிவுக்கும் நாம் செய்யும் மரியாதை.

மேம்படுத்தலும் இந்த நோயறிதலைப் பின்தொடர வேண்டும். பெரும்பாலான பழைய கணினிகளுக்கு எஸ்.எஸ்.டி. முதலிடம், ரேம் இரண்டாமிடம். தொடங்குமுன் தரவுகளின் நகல் வேறு இரு இடங்களில் இருத்தல் வேண்டும். சார்ஜரையும் பேட்டரியையும் அகற்றிய பின்பே திருப்புளியைத் தொட வேண்டும். கழற்றிய திருகாணிகளைத் தாளில் வரைந்த கணினிப் படத்தின்மேல் அந்தந்த இடத்திலேயே வைப்பது நல்லது. குட்டையான திருகாணிக்குரிய துளையில் நீளமானதை முறுக்கினால் பலகை துளைபடக்கூடும். டபிள்யூ530இல் இரண்டு ரேம் இடங்கள் அடிமூடிக்குள்ளும் மற்ற இரண்டு விசைப்பலகையின் கீழும் உள்ளன. இதை அறியாதவர்கள் அடிமூடியை மட்டும் திறந்து, இரண்டே இடங்கள் உள்ளதாக எண்ணி, நல்ல ரேம் பலகைகளைக் கழற்றி விற்றுவிடுவதும் உண்டு. கையேட்டின் ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு அது.

கணினி காட்டும் பிழைச் செய்திகளையும் பொருளோடு படிக்க வேண்டும். இயக்கும்போது 0271 என்ற எண்ணுடன் தேதி, நேரத்தைச் சரிபார்க்கச் சொன்னால், உள்ளேயிருக்கும் சிறிய நாணய வடிவ மின்கலம் தீர்ந்திருக்கக்கூடும். விசிறிப் பிழை என்று காட்டி அணைந்தால் விசிறியே சுழலவில்லை. இவற்றைக் கண்டு "மதர்போர்டு போய்விட்டது" என்று முடிவுகட்டுவது, சளிக்கு அறுவைச் சிகிச்சை செய்வது போன்றது.

பழைய கணினியைப் போற்றும் உற்சாகத்தில் அதன் எல்லைகளை மறைப்பதும் நேர்மையன்று. இந்தத் தலைமுறைத் திங்க்பேட்களில், பயாஸ் தன் பட்டியலில் இல்லாத வை-ஃபை அட்டையை ஏற்க மறுத்து 1802 என்ற பிழையைக் காட்டும். அங்கீகரிக்கப்படாத பேட்டரியையும் ஏற்காது. கணினிக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்வியை உற்பத்தியாளர் தனக்குச் சாதகமாக முடிவுசெய்துகொண்ட இடங்கள் இவை. 2013இல் வந்த அடுத்த தலைமுறைச் செயலியில்தான் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுதி சேர்ந்தது. அதைக் கட்டாயமாகக் கோரும் புதிய மென்பொருள்கள் இதில் ஓடா. இதன் குவாட்ரோ சில்லைக் குடா 11 முதற்கொண்ட பதிப்புகள் ஆதரிப்பதில்லை. ஆகவே ஆழ்கற்றல் மாதிரிகளைப் பயிற்றுவிக்க இக்கணினி உதவாது. அதற்குத் துறையின் சர்வரையே நாட வேண்டும். வரைகலைச் சில்லு பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அது பழுதடைந்தால், சூடேற்றிச் சரிசெய்வதாகச் சொல்லப்படும் வழிகள் பெரும்பாலும் சில வாரங்களுக்கே தாங்கும். அந்த இடத்தில் பழுதுபார்ப்பதை நிறுத்திவிட்டு, ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் வேறொரு கணினிக்கு எடுத்துச்செல்வதே அறிவுடைமை.

இன்னோர் எல்லை செயற்கையானது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறைச் செயலியும் பழைய கணினிகளில் இல்லை. ஒரு பாகமும் பழுதடையாமலே இவ்வாறு எண்ணற்ற கணினிகள் 'காலாவதி' ஆகிவிட்டன. லினக்ஸ் இயங்குதளத்திற்கு இத்தடைகள் இல்லை. பிராட், எலான், ஆர் ஆகிய மூன்றும் அதில் இயங்குகின்றன. மொழியியல் ஆய்வேடு ஒன்றை எழுதி முடிக்க அவற்றினும் மிகுதியாகத் தேவைப்படுபவை சிலவே.

"ஆய்வாளரின் நேரம் மதிப்புடையது, அதைத் திருகாணி முறுக்குவதில் வீணடிக்கலாமா?" என்ற மறுப்பு பேராசிரியர்களிடமிருந்து எழுவதுண்டு. நியாயமான மறுப்புத்தான். வாரக்கணக்கில் ஒரு பழுதைத் துரத்திக்கொண்டிருப்பது ஆய்வாகாது. ஆனால் எஸ்.எஸ்.டி. மாற்ற ஒரு பிற்பகல் போதும்; விசிறியைத் தூய்மைசெய்ய ஒரு மாலை போதும். காரணம் தெரியாத மந்தத்தோடு நாள்தோறும் ஒரு மணிநேரம் காத்திருப்பவர் ஆண்டில் 365 மணிநேரத்தை இழக்கிறார். புதிய கணினிக்காகப் பகுதிநேர வேலை பார்ப்பவரும் கடன் வாங்குபவரும் இழப்பது அதனினும் மிகுதி. மேலும், தரவு சேகரிக்கும் கருவி எங்கே பிழைபடும் என்று அறியாதவர் தன் தரவின் பிழையையும் அறிவதற்கில்லை.

இந்தச் சுமை முழுவதையும் தனிமனிதர்மேல் ஏற்றிவிட்டு நிறுவனங்கள் விலகிக்கொள்ளவும் கூடாது. நுண்ணோக்கிக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் பராமரிப்பாளரை அமர்த்தும் பல்கலைக்கழகங்கள், எல்லாத் துறை ஆய்வாளரும் நாள் முழுதும் பயன்படுத்தும் கருவியைத் தனியார் உடைமை என்று ஒதுக்கிவிடுகின்றன. ஒவ்வொரு புலத்திலும் ஒரு பழுதுநீக்கு மேசை அமைக்கலாம்: நல்ல திருப்புளித் தொகுதி ஒன்று, சோதனைக்கென ஒரு எஸ்.எஸ்.டி., இரண்டு ரேம் பலகைகள், சரியான வாட் அளவுள்ள சார்ஜர்கள், வாரத்தில் இருநாள் வந்துசெல்லும் தொழில்நுட்பர் ஒருவர். 'ஒன்றை மட்டும் மாற்றிப் பார்' என்ற முறைக்கு மாற்றிப் பார்க்க இன்னொன்று வேண்டும். தனி மாணவரிடம் இல்லாதது அதுதான். பழைய உதிரிப் பாகங்களுக்கு முறையான ரசீது கிடைப்பது அரிது என்பதால், தற்செயல் செலவு நிதியில் அவற்றுக்குப் பணம் பெறுவது பெரும்பாடாக இருக்கிறது. துறைத்தலைவர் சான்றளித்தால் சிறு தொகைகளை ஏற்கலாம் என்ற ஒரு வரி விதியில் சேர்ந்தால் போதும்.

கழிக்கப்படும் கணினி மறைந்துவிடுவதில்லை. தில்லியிலிருந்து கழிக்கப்படுபவற்றில் ஒரு பங்கு சீலம்பூரின் சந்துகளுக்குச் செல்கிறது. அங்கே வெறுங்கைகளால் உடைக்கப்படுகிறது. சர்க்கியூட் பலகைகள் மொராதாபாத் வரை பயணித்து, உலோகத்திற்காக எரிக்கப்பட்டும் அமிலத்தில் தோய்க்கப்பட்டும் வந்திருக்கின்றன. அவற்றிலுள்ள ஈயம் அத்தொழிலாளரின் உடலில் சேர்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள் உற்பத்தியாளருக்குப் பொறுப்பு விதிக்கின்றன. பழுதுபார்க்கும் உரிமைக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையவாயில் ஒன்றையும் திறந்தது. இவை தொடக்கங்களே. பல்கலைக்கழகம் மின்கழிவைப் பற்றிக் கருத்தரங்கு நடத்துகிறது. அக்கருத்தரங்கின் கட்டுரைகளை எழுதிய கணினிகள் எங்கே செல்கின்றன என்பதைக் கேட்பதில்லை.

இந்தக் கோடையிலும் ஏதோ ஒரு விடுதி அறையில் ஒரு மடிக்கணினி அணைந்துபோகும். அதன் உரிமையாளர் புதியதன் விலையைத் தேடத் தொடங்குமுன், அதன் வெப்பநிலையையும் சார்ஜரின் வாட் அளவையும் ஸ்மார்ட் பதிவேட்டையும் ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். பக்கத்து அறையில் திருப்புளி வைத்திருப்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். துறையிலும் ஒன்று இருக்க வேண்டும் என்று அடுத்த ஆய்வாளர் கூட்டத்தில் இருவரும் சேர்ந்து கேட்கட்டும்.